பயிற்சி வகுப்பை நிறுத்தாதீர்கள்: பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த செமஸ்டரிலிருந்து முதலாம், இரண்டாம் ஆண்டுக் கணித மாணவர்களுக்கு வாராந்திரப் பயிற்சி வகுப்பு கிடையாது என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அதற்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று எந்நேரமும் அவர்களுடைய சந்தேகங்களைத் தீர்க்குமாம். அசைன்மென்ட்களைத் திருத்தி மதிப்பெண் போடப்போவதும் அதே செயலிதான். மாணவர் சொந்தமாக எழுதினாரா, இயந்திரத்தை வைத்து எழுதினாரா என்று கண்டுபிடிக்க இன்னொரு மென்பொருள் வரப்போகிறது. இவ்வளவையும் முடிவு செய்யும்முன், அந்த வகுப்புகளை நடத்துகிற எங்களில் ஒருவரிடம்கூடக் கருத்துக் கேட்கப்படவில்லை. துறைக் கூட்டத்தில் நாங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு, ‘ஏற்கெனவே முடிவாகிவிட்டது’ என்பது மட்டும்தான் பதிலாக வந்தது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

செயலிக்குக் கணக்குத் தெரியாது என்று நான் வாதாட வரவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபோது அது சாதாரணப் பெருக்கலிலேயே தடுமாறியது உண்மை. ஆனால் 2024-இல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாப்ரூஃப், ஆல்ஃபாஜியோமெட்ரி 2 என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து, அந்த ஆண்டின் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்களில் 42-க்கு 28 எடுத்தன. அது வெள்ளிப் பதக்க அளவு. 2025-இல் அதே நிறுவனத்தின் இன்னொரு மாதிரி 35 எடுத்துத் தங்கப் பதக்க அளவை எட்டியது. நம்முடைய இரண்டாம் ஆண்டு அசைன்மென்ட் எல்லாம் இவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. என் கவலையே அதில்தான் இருக்கிறது. சரியான நிரூபணம் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வந்துவிடும் என்றால், தான் எழுதிய தவறான நிரூபணத்தோடு மாணவர் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டுவதற்கான இடம் எங்கே இருக்கப்போகிறது? இதுவரை அந்த இடம் பயிற்சி வகுப்பாக இருந்தது. நீங்கள் எடுத்துவிட்டது அதைத்தான்.

இந்தச் செமஸ்டரில் அந்தச் செயலியைச் சோதனை முறையில் பயன்படுத்தச் சொன்னீர்கள். பயன்படுத்தினோம். அப்போது நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கையில் இல்லாத ஒரு விஷயம் அதில் இருக்கிறது.

மெய்யெண் சார்புகளை ஆராயும் மெய்ப்பகுப்பாய்வுப் பாடத்தில் நான் கொடுத்த வினா இது: தொடர்ச்சியான (வரைபடம் எங்கும் அறுபடாத) சார்புகளின் தொடர்முறை ஒன்று, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சார்பை நோக்கி ஒருங்குகிறது. அந்த எல்லைச் சார்பும் தொடர்ச்சியானதாகத்தான் இருக்க வேண்டுமா? நிறுவுக, அல்லது மறுக்க. மாணவி ஒருவர் ‘ஆம்’ என்று நிறுவிவிட்டார். எப்சிலானை, அதாவது அனுமதிக்கும் சிறு பிழையளவை, மூன்றாகப் பிரித்து, ஒரு புள்ளியை எடுத்து, அந்தப் புள்ளிக்கு எத்தனையாவது சார்பு வரை போனால் போதும் என்று ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதே எண்ணைப் பக்கத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் பயன்படுத்தியிருந்தார். பார்க்க அழகான நிரூபணம். ஆனால் தவறு. அதைச் செயலியிடம் காட்டியிருக்கிறார். செயலி நொடியில் பிழையைப் பிடித்துவிட்டது. ‘இங்கே சீரான ஒருங்குதல் தேவை’ (அதாவது எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண் போதுமானதாக இருக்க வேண்டும்) என்று சொல்லி, அந்த நிபந்தனையைச் சேர்த்துத் திருத்திய நிரூபணத்தையும், நிபந்தனை இல்லாவிட்டால் எடுபடாது என்பதற்கு ஓர் எதிர் உதாரணத்தையும் முழுசாக எழுதிக் கொடுத்தது. மாணவி அதைச் சமர்ப்பித்தார். முழு மதிப்பெண்.

அப்புறம் பயிற்சி வகுப்பில் கரும்பலகைக்கு வந்தார். ‘சீரான ஒருங்குதல் எதற்கு?’ என்று கேட்டேன். ‘அது இல்லாவிட்டால் தேற்றம் பொய்யாகிவிடும்’ என்றார். ‘உங்கள் பழைய நிரூபணத்தில் எந்த வரியில் உடைகிறது?’ என்று கேட்டதும் பதில் இல்லை. எதிர் உதாரணம் அவர் தாளிலேயே இருந்தது. 0-லிருந்து 1 வரை உள்ள எண்களின் அடுக்குகள். 1-ஐவிடச் சிறிய எந்த எண்ணையும் அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் அது 0-ஐ நோக்கிப் போகும், 1 மட்டும் 1-ஆகவே நிற்கும். அதைச் சொன்னார். ஆனால் அதற்கும் தன் நிரூபணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.

‘சரி, 0.9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்குக் கீழே போக எத்தனையாவது அடுக்கு வேண்டும்?’ என்றேன். கணக்கிட்டுப் பார்த்து 7 என்றார். ‘0.99?’ 69. ‘0.999?’ 693 என்று எழுதிவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு, ‘1-க்குப் பக்கத்தில் போகப் போக எண் ஏறிக்கொண்டே போகுது மேடம். ஒரே எண்ணை எல்லாருக்கும் வைக்க முடியாதே’ என்றார். தன் பழைய தாளை எடுத்து, தவறான வரிக்குக் கீழே கோடு போட்டது அவரேதான். பின்வரிசையில் இருந்த இன்னும் சிலர் தங்கள் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள். அவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள்.

இந்தப் பிழை ஒன்றும் கேவலமான பிழை அல்ல. 1821-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி தன் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில் இதே தேற்றத்தைத்தான் நிறுவியிருந்தார். 1826-இல் நார்வேக் கணிதவியலாளர் ஏபெல், சைன்களால் ஆன ஒரு தொடரைக் காட்டி, இந்தத் தேற்றத்துக்கு விதிவிலக்கு இருப்பதாகத் தெரிகிறதே என்று எழுதினார். கோஷி அதைத் திருத்தி எழுதியது 1853-இல். நுண்கணிதத்தை உறுதியான அடித்தளத்தில் நிறுத்தியவர்களில் ஒருவருக்கே இவ்வளவு காலம் பிடித்த இடம் இது. ஒரு மாணவர் இங்கே தடுக்கி விழுவதுதான் இயல்பு. விழுந்த இடத்தைத் தானே பார்க்க அவருக்கு ஓர் அரை மணி நேரமாவது வேண்டும். செயலி அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. உங்கள் கணக்கில் அது ஆதாயம். அந்த மாணவியின் கணக்கில் அது முழு மதிப்பெண்ணும், புரியாத ஒரு நிரூபணமும்.

ஒரு மாணவியை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் நடத்திய ஆய்வு ஒன்று 2025-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. வழக்கமான உரையாடல் செயலியைக் கையில் வைத்துப் பயிற்சிக் கணக்குகள் செய்தவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு அதிகமாக எடுத்தார்கள். செயலியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்த செயலி கொடுக்கப்பட்டது. அவர்கள் பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேறினார்கள், தேர்வில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் கவனியுங்கள், அவர்களுக்கும் தேர்வில் லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் சுற்றறிக்கை மாணவர் திருப்திக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் காட்டுகிறது. மேற்சொன்ன ஆய்வில், குறைவாகக் கற்றவர்களுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதே தெரியவில்லை. என் மாணவியிடமும் கரும்பலகைக்கு வருவதற்கு முந்தைய நாள் கேட்டிருந்தால், செயலி மிகவும் உதவியாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பார்.

ஹார்வர்டில் நடந்த ஆய்வையும் சுற்றறிக்கை குறிப்பிடுகிறது. செயற்கை நுண்ணறிவு ஆசிரியரிடம் படித்தவர்கள் வகுப்பில் படித்தவர்களைவிட அதிகம் கற்றார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. அது உண்மையான ஆய்வு, நானும் மதிக்கிறேன். ஆனால் அது இயற்பியல் பாடம், அதிலும் இரண்டே தலைப்புகள். வினாக்களையும் படிப்படியான விடைகளையும் ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதி அந்தச் செயலிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு படிக்கு மேல் சொல்லாதபடி அதைக் கட்டுப்படுத்தியும் இருந்தார்கள். அந்த உழைப்பு எதுவும் இல்லாமல் கடையில் வாங்கியதை அப்படியே மாணவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஆய்வின் முடிவை மட்டும் நமக்கு உரிமை கொண்டாட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வு, வெறும் விரிவுரை மட்டும் கேட்கும் மாணவர்கள் தோற்பதற்கான வாய்ப்பு, வகுப்பில் தாங்களே பங்கேற்றுக் கற்பவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று காட்டியது. மாணவர் வாய்திறந்து பேசுகிற, தன் கையால் எழுதிக் காட்டுகிற ஒரே நேரம் நம் துறையில் பயிற்சி வகுப்புதான். அதை நீக்கினால் மிஞ்சுவது விரிவுரை மட்டுமே.

இப்போது மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். சோதனைக் காலத்தில் செயலி திருத்திய ஒரு கட்டு விடைத்தாள்களை நானும் தனியாகத் திருத்திப் பார்த்தேன். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது என்பதைப் போல்சானோ-வயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தைக் கொண்டு நிறுவுவதுதான் நாங்கள் வகுப்பில் காட்டிய வழி. ஒரு மாணவர் அந்தப் பக்கமே போகாமல், மீச்சிறு மேல்வரம்பை வைத்து நேராக நிறுவியிருந்தார். ஓர் ஓட்டையும் இல்லை. நான் படித்து மகிழ்ந்த தாள் அது. செயலி ‘முக்கியமான படி விடுபட்டுள்ளது’ என்று 10-க்கு 6 போட்டிருந்தது. ‘இந்த நிரூபணம் சரியென்று நினைக்கிறேன், மறுபடியும் பார்’ என்று தட்டச்சு செய்தேன். உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு 10 கொடுத்தது. சந்தேகம் வந்து, உண்மையிலேயே தவறான இன்னொரு தாளுக்கும் அதே வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன். அதற்கும் மதிப்பெண் ஏறியது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அடித்துப் பேசத் தெரிந்தவருக்கு மதிப்பெண் கூடும். தன் நிரூபணம் சரியா என்று தனக்கே உறுதியில்லாத, ஆனால் உண்மையில் சரியாக எழுதியிருக்கிற மாணவர் 6-ஐ வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார். அடுத்த முறை அவர் சொந்தமாக ஒரு வழியைத் தேடவும் மாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கற்றல் அடைவை மதிப்பிடும் இயந்திரங்களை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்து, மனித மேற்பார்வை கட்டாயம் என்கிறது. நாமோ மேற்பார்வை என்ற சொல்லையே சுற்றறிக்கையில் சேர்க்கவில்லை.

கண்டுபிடிப்பு மென்பொருளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் காட்டின. கணிதத்தில் நிலைமை இன்னும் மோசம். 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணத்தை யார் எழுதினாலும் கிட்டத்தட்ட ஒரே வரிகள்தான் வரும். அதை வைத்து ஒரு மாணவரைத் திருடன் என்பீர்களா?

பயிற்சி வகுப்புகளை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சி மாணவர்கள். அவர்கள் பாடம் நடத்தப் பழகும் இடமும் அதுதான், அவர்களில் பலருக்கு வருமானமும் அதுதான். அவர்களைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

செயலியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ‘உங்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததைச் செயலியிடம் கேட்டேன்’ என்று என்னிடமே சொன்ன மாணவர் இருக்கிறார். இரவு நேரத்தில் ஒரு வரையறை புரியாமல் தவிக்கிறவருக்கு, அதை வேறு மாதிரி சொல்லிப் புரியவைக்க ஏதோ ஒன்று கையில் இருப்பது நல்ல விஷயம். ஒரு தேற்றத்துக்கு இன்னும் நாலு உதாரணம் வேண்டும் என்றால் அது தரும். இந்த உதவிகளைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை.

இயந்திரத்துக்காகப் பணம் செலவழிக்க வேண்டும் என்றால், இன்னொரு வகை இயந்திரமும் இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் கணினியே சோதிக்கும்படி எழுத உதவும் லீன் போன்ற நிரூபணச் சரிபார்ப்பு மொழிகள் மாணவரைப் பார்த்து ‘அருமை’ என்று சொல்வதில்லை. ஒரு படி விடுபட்டால் அந்த வரியிலேயே நின்றுவிடும். கெஞ்சினாலும் வாதாடினாலும் நகராது. 2023 நவம்பரில் கவர்ஸ், கிரீன், மேனர்ஸ், டாவோ என்ற கணிதவியலாளர்கள் நால்வரும் அறிவித்த ஒரு முக்கியமான நிரூபணம், சில வாரங்களிலேயே லீனில் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கெவின் பஸ்ஸார்டு என்ற கணிதப் பேராசிரியர் இளநிலை மாணவர்களையே அதில் எழுதப் பழக்கியிருக்கிறார். லீனைக் கற்றுக்கொள்வது எளிதல்ல, எல்லா மாணவர்களுக்கும் அது ஒத்துவரும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் என் மாணவி தன் பழைய நிரூபணத்தை அதில் எழுத முயன்றிருந்தால், எண்ணைத் தேர்ந்தெடுத்த அந்த வரியைத் தாண்டி அவரால் போயிருக்க முடியாது. விருப்பப் பாடமாகவாவது இதைத் தொடங்கலாம். நடத்த நான் முன்வருகிறேன்.

கல்விக்குழுவிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, பயிற்சி வகுப்புகளை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். முழுவதும் திரும்பப் பெற முடியாது என்றால், குறைந்தது அடுத்த ஓராண்டுக்காவது நிறுத்திவையுங்கள். அந்த ஓராண்டில் சில பிரிவுகளுக்குச் செயலியும் பயிற்சி வகுப்பும், சிலவற்றுக்குப் பயிற்சி வகுப்பு மட்டும் என்று வைத்து, ஆண்டு முடிவில் செயலி இல்லாத தேர்வு ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக நடத்துவோம். முடிவு எதுவானாலும் வெளியிடுவோம். எனக்குப் பாதகமாக வந்தால் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

மதிப்பெண்ணை மனிதர்தான் போட வேண்டும். செயலியின் குறிப்புகளை ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும். அசைன்மென்ட் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்குங்கள். தான் எழுதிக்கொடுத்த நிரூபணத்தில் ஏதேனும் ஒரு வரியை மாணவர் கரும்பலகையில் விளக்கினால் போதும், அதைப் பயிற்சி வகுப்பிலேயே முடித்துக்கொள்ள முடியும். இது வந்துவிட்டால் கண்டுபிடிப்பு மென்பொருளுக்குத் தேவையே இருக்காது. இருந்தாலும் தெளிவாகவே கேட்கிறேன்: அந்த மென்பொருள் காட்டும் எண்ணை வைத்து எந்த மாணவருக்கும் மதிப்பெண் குறைக்கவோ, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவோ கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

செயலியை எப்படி அமைப்பது என்பதைப் பாட ஆசிரியர்களிடம் விடுங்கள். அந்த வாரத்து அசைன்மென்ட் கணக்குக்கு அது முழு விடை தரக்கூடாது. மாணவர் தன் முயற்சியை எழுதிக் காட்டிய பிறகுதான் பேச வேண்டும், அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு மட்டும். நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மாணவர்களின் விடைத்தாள்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, எதற்கெல்லாம் பயன்படுத்தப்படுகின்றன என்ற பகுதிகளை மாணவர்களுக்கும் எங்களுக்கும் வெளியிடுங்கள்.

கடைசியாக, அடுத்த செமஸ்டரின் கால அட்டவணை இறுதியாகும்முன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களும் மாணவர் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் ஒரு கூட்டத்தையும் கூட்டுங்கள். செயலி திருத்தியதையும் நான் திருத்தியதையும் பக்கம் பக்கமாக வைத்து, மாணவர்களின் பெயர்களை மறைத்து, அந்தக் கூட்டத்தில் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் கணித ஆசிரியை